ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டு கற்கத் தொடங்கும் இளையோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கநிலை மாணவர்களுக்குப் பல பருவங்களாகப் பனி மூடிய மலைச்சரிவில் பயிற்சி அளித்து வருகிறேன். சரிவின் மேலே கொண்டுசெல்லும் லிஃப்டில் அருகில் அமரும் பிள்ளைகளும் கீழே காத்திருக்கும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஒருமுறை சொன்னதை மறுபடி எழுதாமல், எந்தக் கேள்வியில் சொன்னேன் என்று மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. ஃப்ரீஸ்டைல் என்றால் என்ன? ஸ்னோபோர்டில் சறுக்குவது எல்லாம் ஒன்றுதானே?

ஸ்னோபோர்டு என்ற ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பொருத்தி நின்று, சரிவில் வளைந்து வளைந்து இறங்குவது அடிப்படை. அதே சரிவில் உள்ள மேடுகளிலும் தடைகளிலும் ஏறி, தாவி, சுழன்று, மீண்டும் பனியில் இறங்கி ஓடுவது ஃப்ரீஸ்டைல். இதற்கென்றே பனியால் கட்டப்பட்ட ஜம்ப்களும், பிளாஸ்டிக் மேற்பரப்புடைய நீண்ட பெட்டிகளான பாக்ஸ்களும், கைப்பிடிக் கம்பி போன்ற உலோக ரெயில்களும் வரிசையாக அமைந்த பகுதியை டெரெய்ன் பார்க் என்கிறோம். ஒலிம்பிக்கில், அரைக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் நடக்கும் ஹாஃப்பைப் 1998இல் நாகானோவிலும், ரெயில்களும் ஜம்ப்களும் கொண்ட பாதையில் நடக்கும் ஸ்லோப்ஸ்டைல் 2014இல் சோச்சியிலும், ஒரே பெரிய ஜம்பில் நடக்கும் பிக் ஏர் 2018இல் பியோங்சாங்கிலும் முதன்முதலாக இடம்பெற்றன.

1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பிள்ளைகள் நின்றபடி சறுக்குவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். இன்றைய பலகையின் முன்னோடி அதுதான். அலைச்சறுக்கிலிருந்து நிற்கும் முறையும், ஸ்கேட்போர்டிலிருந்து பெரும்பாலான வித்தைகளின் பெயர்களும் வந்து சேர்ந்தன. பெயர்கள் முதலில் குழப்புவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

2. எந்தக் கால் முன்னால் வர வேண்டும்? நான் வலது கைக்காரன், அப்படியென்றால் இடது கால்தானே?

எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இடது கால் முன்னால் வந்தால் ரெகுலர், வலது கால் முன்னால் வந்தால் கூஃபி. வழுவழுப்பான தரையில் காலுறையுடன் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். எந்தக் காலை இயல்பாக முன்னால் விடுகிறீர்களோ அதிலேயே தொடங்கலாம். அரை நாள் சறுக்கிய பிறகும் உடன்படவில்லை என்றால் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைத் திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். தயங்கித் தயங்கி நாளைக் கழிக்கும் அளவுக்கு இது பெரிய முடிவு அல்ல. பின்னால் எப்படியும் இரண்டு பக்கமும் பழகத்தான் வேண்டியிருக்கும்.

3. முதல் பலகை எப்படி இருக்க வேண்டும்? அண்ணனுடைய பழைய பலகை போதாதா?

அண்ணனுடைய எடை உங்களுக்கும் இருந்தால் போதும். பலகையின் நீளத்தை உயரத்தைவிட எடையை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் எடை குறைந்தவர் விறைப்பான பலகையை வளைக்கவே முடியாது. வளையாத பலகையில், பலகையை வில்லாக வளைத்துத் தரையிலிருந்து எழும்பும் ஆலியும் வராது, திருப்பமும் வராது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே வடிவில் உள்ள, மென்மையாக வளையும் ட்வின் வகைப் பலகையே ஃப்ரீஸ்டைல் கற்பவருக்குப் பொருத்தமானது. வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கிக் கொடுப்பது, அந்தப் பருவம் முழுவதையும் வீணாக்கிவிடும்.

பைண்டிங்கில் முன்கால் 12 முதல் 15 பாகை வரை முன்பக்கமாகவும், பின்கால் அதே அளவோ சற்றுக் குறைவாகவோ பின்பக்கமாகவும் திரும்பியிருக்கும் வாத்துக்கால் நிலை, இரண்டு திசையிலும் சறுக்க வசதியானது. பலகையைவிடவும் முக்கியமானது பூட்ஸ்: முழங்காலை மடக்கும்போது குதிகால் உள்ளே மேலெழும்பினால், எவ்வளவு நல்ல பலகையானாலும் சொன்ன பேச்சைக் கேட்காது.

4. எத்தனை நாள் கழித்து பார்க்குக்குள் போகலாம்?

நாள் கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை. பலருக்கும் மூன்று முதல் ஐந்து நாள்களில் திருப்பங்களைத் தொடர்ச்சியாகச் செய்ய வந்துவிடும், ஆனால் அது மட்டும் போதாது. நடுத்தரச் சரிவில் பலகையின் குதிகால் பக்க ஓரமான குதிகால் விளிம்பிலும் கால்விரல் பக்க ஓரமான விரல் விளிம்பிலும் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா, பலகையின் அடிப்பரப்பு முழுவதும் பனியில் படியும்படி இருபது, முப்பது மீட்டர் காலைப் பார்க்காமல் நேராக ஓட முடிகிறதா, பின்காலை முன்னால் விட்டு, அதாவது ஸ்விட்ச் நிலையில், மெதுவாகவேனும் திரும்ப முடிகிறதா என்று நான் பார்ப்பேன். மூன்றும் இருந்தால் மிகச் சிறிய அமைப்புகள் உள்ள பகுதிக்கு அழைத்துச் செல்வேன்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பார்க்கில் கண்ணுக்குத் தெரியும் தவறுகளில் பெரும்பாலானவை பார்க்குக்குள் தோன்றியவை அல்ல. வெறும் சரிவிலேயே இருந்தவை. திருப்பத்தின்போது தோளைத் திறந்துகொள்ளும் பழக்கம் சரிவில் யாரையும் உறுத்தாது. அதே பழக்கம் ஜம்பின் உதட்டில், அதாவது ஏற்றத்தின் நுனியில், உடலைக் கோணலாகக் காற்றில் வீசிவிடும்.

5. பார்க்குக்கு வெளியே, சாதாரணச் சரிவில் எதைப் பழகலாம்?

ஆலி, பிரெஸ், பட்டர், தரையிலேயே 180 (அதாவது 180 பாகை அரைச்சுற்று), ஸ்விட்ச் ஆகிய ஐந்தும் போதும். பிரெஸ் என்பது ஓடிக்கொண்டே எடையைப் பலகையின் முன்முனையான மூக்கின் மீதோ பின்முனையான வாலின் மீதோ சாய்த்து மறுமுனையைத் தூக்குவது. அப்படித் தூக்கிய நிலையில் பலகையைச் சுழற்றுவது பட்டர். மிதமான சரிவில் இவற்றைப் பழகும் பிள்ளைக்குப் பலகை எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு சாய்ந்தால் சமநிலை போகிறது என்பது உள்ளங்காலிலேயே பதிந்துவிடும். ஐந்தில் ஸ்விட்சைத்தான் எல்லோரும் ஒத்திப்போடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு இறக்கங்களை ஸ்விட்சிலேயே செய்ய வேண்டும் என்பது என் மாணவர்களுக்குள்ள ஒரே கட்டாயம்.

6. ஆலி செய்கிறேன், ஆனால் பலகை தரையை விட்டு எழும்பவே இல்லை. என்ன தவறு?

பெரும்பாலும் இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் குதிக்கிறீர்கள். அது வெறும் துள்ளல். ஆலியில் முதலில் இடுப்பு பின்காலின் மேல் நகர வேண்டும். முன்கால் மேலே இழுபட, வால் வில்லைப்போல வளைந்து நிற்கும். அந்த வில் நிமிரும் விசையில் பின்கால் உதைக்க, பிறகு பின்முழங்காலை மார்பை நோக்கி இழுத்தால் பலகை காற்றில் சமமாகும். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும்.

இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு தவறு, இடுப்பை நகர்த்துவதற்குப் பதிலாகத் தோளைப் பின்னால் சாய்ப்பது. வால் அதனால் வளைவதில்லை, முதுகுதான் வளைகிறது. முதலில் சமதளத்தில் நின்ற இடத்திலேயே பழகுங்கள். பிறகு மென்சரிவில் ஒரு கையுறையைப் போட்டு, அதன் மேல் பலகை படாமல் தாண்டிப் பாருங்கள். தடித்த பனிக்கையுறை அவ்வளவு உயரமில்லைதான், ஆனாலும் முதல் பத்து முயற்சிகளில் அது நசுங்கும்.

7. விழாமல் கற்க முடியாதா?

முடியாது, ஆனால் எப்படி விழுவது என்பதைக் கற்கலாம். தொடக்கநிலையினருக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான், ஏனென்றால் விழும்போது விரிந்த கையை ஊன்றுவது மனிதருக்கு இயல்பு. முன்பக்கம் விழுந்தால் கைகளை மடக்கி, முன்கைகளும் முழங்கால்களும் அடியைப் பகிர்ந்துகொள்ளும்படி விழ வேண்டும். பின்பக்கம் விழுந்தால் தாடையை மார்போடு சேர்த்து, பின்புறத்தில் விழுந்து முதுகில் உருள வேண்டும். மணிக்கட்டுக் காப்பும், முழங்கால் காப்பும், பஞ்சு வைத்த உள்ளரைக்கால்சட்டையும் கூச்சப்பட வேண்டிய பொருள்களே அல்ல.

ஹெல்மெட் அணிவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழ்ச்சரிவுப் பக்கமுள்ள விளிம்பு எதிர்பாராமல் பனியில் குத்திக்கொண்டால் உடல் நொடிப்பொழுதில் தரையில் அறைபடும், குதிகால் விளிம்பானால் பின்மண்டை முதலில் படும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

8. பாக்ஸில் ஏறிய உடனே பலகை காலுக்கடியிலிருந்து ஓடிவிடுகிறது. சரிவில் நன்றாகத்தானே ஓட்டுகிறேன்?

நன்றாக ஓட்டுவதால்தான். சரிவில் தடுமாறும்போது விளிம்பை அழுத்தித் தப்பித்துப் பழகியிருக்கிறீர்கள். பாக்ஸின் பிளாஸ்டிக்கில் விளிம்பு பிடிக்க எதுவுமில்லை. அழுத்திய கணத்தில் பலகை வழுக்கி முன்னே போகும், நீங்கள் பின்னே விழுவீர்கள். நான்காம் கேள்வியில் அடிப்பரப்பு முழுவதும் படிய நேராக ஓடுவதைச் சொன்னேனே, அதன் பயன் இங்கேதான். பாக்ஸுக்குச் சில மீட்டர் முன்பே நேர்கோட்டில் வந்து, முழங்காலை மடக்கி, ஏறிய பிறகு எதையும் செய்யாமல் இருப்பதே 50-50 எனப்படும் முதல் வித்தை.

ஒரு 12 வயது மாணவி இந்த இடத்தில் இரண்டு நாள் திணறினாள். அவள் காலில் குறை எதுவும் இல்லை. பாக்ஸில் ஏறும் கணத்தில் பலகையின் மூக்கைக் குனிந்து பார்ப்பாள், தலை குனிந்ததும் இடுப்பு பின்னால் போகும், குதிகால் விளிம்பு தானாக அழுந்தும். பாக்ஸின் மறுமுனைக்கு அப்பால் நின்று, நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று உரக்கச் சொல்லும்படி கேட்டேன். "மூன்று" என்று கத்திக்கொண்டே முழுப் பாக்ஸையும் கடந்துவந்தாள்.

9. முதல் ஜம்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

இதற்கு எண்ணில் பதில் இல்லை, ஆனால் ஜம்பின் அமைப்பைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும். ஓடிவரும் பாதை, மேல்நோக்கி வளைந்த ஏற்றம், அதன் நுனியான உதடு, நடுவில் தட்டையான மேடை, மேடை முடிந்து சரிவு தொடங்கும் முனையான நக்கிள், அதன்பின் இறங்கு சரிவு என அது ஆறு பகுதிகளைக் கொண்டது. இறங்கு சரிவில் காலூன்றினால் விழும் விசையின் பெரும்பகுதி கீழ்நோக்கிய ஓட்டமாக மாறிவிடும். மேடையிலோ நக்கிளிலோ இறங்கினால் அத்தனையும் முழங்காலுக்கும் முதுகுக்கும் வந்து சேரும். வேகம் குறைவாக இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு என்பது இதிலிருந்து விளங்கும். மிதமிஞ்சிய வேகமும் அதே அளவு மோசம்: இறங்கு சரிவையும் தாண்டிச் சமதளத்தில் போய் விழுவீர்கள்.

ஆகவே முதலில் மிகச் சிறிய ஜம்பில், மேடை மீது உருண்டு போனாலும் ஒன்றும் ஆகாத அளவில் தொடங்குங்கள். அந்த ஜம்பை நன்றாக அறிந்த ஒருவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்று பார்த்து, அவர் பின்னால் போதிய இடைவெளி விட்டு ஓடுங்கள். பெரியவரின் தொடக்கப்புள்ளி பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. எடை குறைந்தவரைக் காற்று அதிகம் தடுப்பதால், சற்று மேலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் ஏறிய பிறகு வேகத்தைக் குறைக்க விளிம்பைத் தேய்க்கவே கூடாது. ஐயம் வந்தால் ஏற்றத்துக்கு முன்பே ஒதுங்கிவிடுங்கள்.

10. காற்றில் கை இரண்டும் காற்றாடிபோல் சுழல்கின்றன. வீடியோவில் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். காற்றில் பலகையைக் கையால் பிடிக்கும் கிராப் அழகுக்கு மட்டும் அல்ல. பலகையைப் பிடிக்க முழங்கால் மார்புக்கு வர வேண்டும், அதனால் உடல் சுருங்கி நிலைகொள்ளும். பின்கையால், அதாவது பின்கால் பக்கத்துக் கையால், விரல் விளிம்பை இரு பைண்டிங்குகளுக்கு இடையே பிடிப்பது இண்டி. அதே இடத்தை முன்கையால், அதாவது முன்கால் பக்கத்துக் கையால், பிடித்தால் மியூட். முன்கையால் குதிகால் விளிம்பைப் பிடித்தால் மெலன். முதலில் இண்டி.

பலகையை நோக்கிக் குனியாமல், பலகையைக் கையை நோக்கி இழுக்க வேண்டும். கிராப் வராத ஒவ்வொருவரிடமும் நான் கண்டது ஆறாம் கேள்வியில் சொன்ன அந்த இழுக்காத பின்முழங்கால்தான்.

11. 180 முதலில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? 360-ஐ நேரடியாக முயன்றால் என்ன?

மார்பு சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துத் திரும்பினால் ஃப்ரண்ட்சைடு, முதுகு திரும்பினால் பேக்சைடு. இடது கால் முன்னால் விடும் ரெகுலர் ஆளுக்கு ஃப்ரண்ட்சைடு என்பது இடச்சுழற்சி, கூஃபிக்கு வலச்சுழற்சி. ஃப்ரண்ட்சைடு 180-இல் இறங்கும் இடம் கண்ணிலிருந்து மறைவதில்லை என்பதால் அதிலேயே தொடங்கலாம். பேக்சைடு 180-இல் இறங்குமிடத்தைப் பாராமலே காலூன்ற வேண்டும். சுழற்சி சிறியது, துணிச்சல் பெரியது.

180 சுற்றினால் ஸ்விட்சில் இறங்குவீர்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன தினசரி இரண்டு இறக்கங்களைச் செய்யாதவர்கள் சுழற்சியைச் சரியாக முடித்தும் விழுவது இதனால்தான். 360-ஐ நேரடியாக முயல்பவர் பெரும்பாலும் 270-இல் நின்று விளிம்பில் குத்திக்கொள்வார். நான்கு திசை 180-களும், அதாவது ஃப்ரண்ட்சைடு, பேக்சைடு, அவை இரண்டின் ஸ்விட்ச் வடிவங்கள் ஆகியவையும் வந்த பிறகு 360 ஏறக்குறையத் தானாக வரும். ஸ்விட்ச் ஃப்ரண்ட்சைடு 180-ஐ ஹாஃப் கேப் என்பார்கள்; ஸ்கேட்போர்டு வீரர் ஸ்டீவ் கபயேரோவின் பெயர் சுருங்கி அப்படி ஆனது.

12. ஃப்ரண்ட்சைடு போர்டுஸ்லைடு என்கிறார்கள், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்களே?

நியாயமான குழப்பம். சுழற்சியில் உடல் திரும்பும் திசையைக் கொண்டு பெயர் வருகிறது. ரெயில் வித்தைகளிலோ, நெருங்கும்போது ரெயில் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டு வருகிறது. ரெயில் மார்புக்கு எதிரே இருக்க, மூக்கை அதன் மேல் தாண்டவைத்துப் பலகையைக் குறுக்காகப் போட்டால் அது ஃப்ரண்ட்சைடு போர்டுஸ்லைடு. அந்தத் திருப்பத்தில் முகம் மேற்சரிவுக்குப் போய்விடும். ரெயில் முதுகுப்பக்கம் இருந்தால் பேக்சைடு. அதில் முகம் போகும் திசையைப் பார்க்கும். ஆகவே, பெயர் கடினமாக ஒலித்தாலும், முதலில் கற்க வேண்டியது பேக்சைடு போர்டுஸ்லைடு. அதையும் ரெயிலில் அல்ல, அகலமான பாக்ஸில்.

13. பார்க்கில் யார் முதலில் போவது? விதி ஏதாவது உண்டா?

மேலே நின்று முறை வந்ததும் கையை உயர்த்தியோ குரல் கொடுத்தோ புறப்படுங்கள். இறங்கு சரிவில் ஒருபோதும் நிற்காதீர்கள், மேலிருந்து வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அங்கே யாராவது விழுந்து கிடந்தால், ஒருவர் மேலே வந்து கைகளைக் குறுக்காகப் பிடித்து ஜம்ப் மூடியிருப்பதைக் காட்ட வேண்டும். நாளின் முதல் இறக்கத்தில் எதிலும் ஏறாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நேற்றைய ஜம்பை இரவில் மாற்றிக் கட்டியிருப்பார்கள்.

14. என் மகள் ஜம்ப் வரை வந்து நின்றுவிடுகிறாள். கொஞ்சம் வற்புறுத்தினால் போய்விடுவாளா?

போய்விடுவாள், அரை மனதோடு போவாள், கடைசி நொடியில் வேகத்தைக் குறைப்பாள், நக்கிளில் விழுவாள். ஒன்பதாம் கேள்வியில் சொன்ன விபத்துகளில் பல இப்படித்தான் நேர்கின்றன. பயத்தில் இரண்டு வகை உண்டு: வேகம் தெரியாத பயம், விழுந்த நினைவினால் வரும் பயம். முதலாவது ஒருவர் பின்னால் ஓடினால் தீரும். இரண்டாவதற்கு ஓர் அளவு சிறிய ஜம்புக்குத் திரும்பிப்போய், சலிப்புத் தட்டும்வரை அதையே செய்ய வேண்டும். சலிப்பை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் கீழே கேமராவுடன் நிற்பதைச் சிறிது நேரம் நிறுத்தினாலும் பலன் தெரியும்.

15. காலையில் வந்த வித்தை மதியத்துக்கு மேல் வரவில்லை. மறந்துவிட்டேனா?

பனி மாறியிருக்கிறது, நீங்களும் மாறியிருக்கிறீர்கள். இரவில் உறைந்த பனி காலையில் கெட்டியாகவும் வேகமாகவும் இருக்கும். வெயிலில் இளகினால் பலகையை இழுத்துப் பிடிக்கும். காலையில் சரியாக இருந்த தொடக்கப்புள்ளி மதியம் போதாமல் போகலாம். இளகிய பனி விழுவதற்கு மெத்தென்று இருப்பதால் புதியதைப் பழக ஏற்ற நேரம், ஆனால் சிறிய அமைப்புகளில் மட்டும்.

தொடை களைத்துவிட்டால் இறங்கும்போது முழங்கால் மடங்காது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று யாராவது சொன்னால் அன்றைய ஜம்ப்களை அத்தோடு முடித்துவிடுவேன்.

16. தலையில் அடிபட்டது, ஆனால் உடனே எழுந்துவிட்டேன். தொடரலாமா?

கூடாது. அன்றைய நாள் முடிந்தது. தலைவலி, குமட்டல், மயக்கம், வெளிச்சத்தில் கூச்சம், நடந்ததை நினைவுகூர முடியாமை ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். மூளையதிர்ச்சிக்கு நினைவிழக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவரிடம் காட்டி, அவர் அனுமதித்த பிறகே படிப்படியாகத் திரும்ப வேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுவது மிகவும் ஆபத்தானது.

17. பனி இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

ஸ்கேட்போர்டு, சமநிலைப் பலகை, பயிற்சியாளர் மேற்பார்வையில் டிராம்போலின். டிராம்போலினில் சுழற்சியையும் கிராபையும் நன்றாகப் பழகலாம், ஆனால் அது மேல்நோக்கி நேராக எறியும்; ஜம்ப் முன்னோக்கி எறியும். அங்கே வந்தது இங்கேயும் அப்படியே வரும் என்று நம்பிப் பருவத்தின் முதல் நாளே பெரிய ஜம்புக்குப் போகாதீர்கள்.

18. எனக்கு 14 வயது. 15 வயதில் ஒலிம்பிக் பதக்கமே வாங்குகிறார்கள். நான் தாமதமா?

2014இல் ஹாஃப்பைப்பில் வெள்ளி வென்றபோது ஜப்பானின் அயுமு ஹிரானோவுக்கு வயது 15. 2018இல் தங்கம் வென்றபோது க்ளோயி கிம்முக்கும் ரெட் ஜெரார்டுக்கும் 17. மூவரும் மிகச் சிறு வயதிலேயே பலகையில் ஏறியவர்கள். ஆனால் 2018இலும் 2022இலும் பிக் ஏரில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா காஸர் ஜிம்னாஸ்டிக்ஸில் வளர்ந்து, பதின்ம வயதின் இறுதியில்தான் ஸ்னோபோர்டுக்கு வந்தார். 14 வயதுக்காரருக்கு ஒரு சாதகமும் உண்டு: ஒரு முறை சொன்னால் காரணம் புரிகிறது. எட்டு வயதுக்காரரிடம் அதே செய்தியை விளையாட்டாக மாற்றித்தான் சொல்ல வேண்டும்.

19. பேக்ஃப்ளிப் எப்போது செய்யலாம்? வீடியோவில் எளிதாகத்தான் தெரிகிறது.

காற்றில் பின்னோக்கிப் போடும் குட்டிக்கரணம்தான் பேக்ஃப்ளிப்; எளிதாகத் தெரிவதே அதன் ஆபத்து. சுற்றத் தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் கலை. பல பார்க்குகளில் தலைகீழ் வித்தைகளுக்குத் தடையே உண்டு. நடுத்தர ஜம்பில் இரண்டு பக்கமும் 360 சுத்தமாக வந்து, டிராம்போலினிலும் பிறகு இறங்குவதற்கு மெத்தையாக விரித்த பெரிய காற்றுப்பையிலும் பயிற்சியாளர் முன்னிலையில் நூற்றுக்கணக்கில் செய்த பிறகு பேசலாம். அதற்கு முன் என்னிடம் கேட்டால், விடை ஒரே சொல்லில் முடியும்.

20. மூன்று வாரமாக ஒரே வித்தையில் சிக்கிக்கொண்டேன். இன்னும் எத்தனை முறை முயல வேண்டும்?

அதே விதமாக இன்னொரு முறைகூட வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து, விழும் இடத்தைப் பார்க்காமல், ஏற்றத்துக்கு முந்தைய கடைசித் திருப்பத்தைப் பாருங்கள். எட்டாம் கேள்வியில் வந்த அதே மாணவி, அடுத்த பருவத்தில் ஃப்ரண்ட்சைடு 180-இல் ஒவ்வொரு முறையும் பாதிச் சுழற்சியில் சாய்ந்தாள். வீடியோவில் காற்றில் நடந்ததையே நாங்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில்தான் தெரிந்தது: ஏற்றத்தில் ஏறும்போதே அவளுடைய பின்கை இடுப்புக்குப் பின்னால் போயிருந்தது, வெறும் சரிவில் ஒவ்வொரு விரல் திருப்பத்திலும் போவதைப்போலவே.

ஒரு வாரம் பார்க்குக்கே போகவில்லை. நீளமான மென்சரிவில் பின்கையால் தன் காற்சட்டையின் பக்கத் தையலைப் பிடித்தபடி திருப்பங்கள் மட்டும் செய்தாள். நாலைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. எட்டாம் நாள் சிறிய ஜம்பில் இரண்டாம் முயற்சியிலேயே 180 சுற்றி ஸ்விட்சில் இறங்கினாள். இறங்கி ஓடும்போதும் அந்தக் கை தையலைத்தான் பிடித்திருந்தது.